ரீட், ரைட் இரண்டையும் நெட்எஃப்எஸ்ஸிடம் ஒப்படைத்தாயிற்று

பொழுதுபோக்காக எழுதிவரும் என் சின்ன நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தை (சர்வரில் இருக்கும் ஃபைல்களை நம் கணினியில் இருப்பதுபோலவே காட்டும் மென்பொருள்) லினக்ஸ் கெர்னலின் நெட்எஃப்எஸ் லைப்ரரிக்கு, அதாவது இத்தகைய ஃபைல் சிஸ்டங்களுக்கான பொதுக் கோடுக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரீட் முழுக்க மாறிவிட்டது, ரைட்டும் ஓடுகிறது. சர்வரிலிருந்து வந்ததை நம் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் கேஷ் மட்டும் பாக்கி.

நெட்எஃப்எஸ் 2021இல் 5.13 கெர்னலோடு வந்தது. அப்போது ரீட் மட்டும்தான். ரைட் 2024இல், 6.8இல் சேர்ந்தது, 6.10இல் விண்டோஸ் ஷேர்களுக்கான சிஐஎஃப்எஸ்ஸும் இதற்கு மாறியது. பேஜ் கேஷை (ஃபைலின் பகுதிகளைப் பேஜ் பேஜாக நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) கையாளும் ஒரே வேலையை ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பானேன் என்பதுதான் விஷயம்.

முதலில் இனோட், அதாவது ஒரு ஃபைலின் அளவு முதலிய விவரங்களைக் கெர்னல் வைத்திருக்கும் பதிவு. என் ஸ்ட்ரக்சரில் இருந்த வெறும் இனோடை எடுத்துவிட்டு, நெட்எஃப்எஸ் இனோடைத் தொடக்கத்திலேயே வைத்தேன். அப்புறம் ரீட்அஹெட் (முன்கூட்டியே படிப்பது), ரைட்பேஜஸ் (மாறிய பேஜ்களைச் சர்வருக்கு எழுதுவது) போன்ற இடங்களில் என் ஃபங்ஷன்களுக்குப் பதிலாக லைப்ரரியின் ஃபங்ஷன்கள். அலுப்பான வேலை, அவ்வளவுதான்.

ருசியே இஷ்யூ ரீட்டில்தான், அதாவது சர்வரிடம் கேட்டு வாங்க லைப்ரரி கூப்பிடும் என் ஃபங்ஷனில்தான், இருக்கிறது. பழைய கோடில் பேஜைப் பூட்டுவது, நிரப்புவது, திறப்பது எல்லாம் என் தலையில். இப்போது லைப்ரரி ஒரு சப்ரிக்வெஸ்ட்டை (பெரிய ரீட்டின் ஒரு துண்டு) கொடுத்து, 'இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் வாங்கி வா' என்கிறது. பேஜ் என்ற பேச்சே என் பக்கம் வருவதில்லை. 1 எம்பி ரீட் வந்தால், என் வரம்பு 256 கேபி என்பதால் நான்காகப் பிரிகிறது. அதில் ஒன்றுக்குச் சர்வர் 100 கேபி மட்டும் அனுப்பினாலும் கவலையில்லை. மீதி 156 கேபிக்கு லைப்ரரியே மறுபடி கேட்கிறது. கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்து காட்டும் ட்ரேஸ்பாயின்ட்டைத் திறந்துவைத்து இதைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

ஃபைல் முடிவை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். ஃபைல் 10,000 பைட் என்றால் 4096 பைட் பேஜ் மூன்று, மொத்தம் 12,288. கடைசி 2,288 பைட்டில் பூஜ்யம் நிரம்ப வேண்டும். ஃபைல் தீர்ந்துவிட்டது என்று கொடி காட்டாவிட்டால், குறைவாக வந்த பதிலை லைப்ரரி அரைகுறை ரீட் என்றே எடுத்துக்கொள்ளும்.

ரைட்டில் யோசிக்க வைத்தது ஃபைல் அளவு. நம் பக்கம் எழுதி ஃபைல் நீண்டிருக்கும், சர்வருக்கு இன்னும் போயிருக்காது. அந்த நேரம் பார்த்து ஃபைல் விவரம் கேட்கும் ஸ்டாட்டுக்குச் சர்வரின் பதில் பழைய அளவோடு வரும். அதை நம்பி இனோடின் அளவைக் குறைத்தால், எழுதியது காணாமல் போகும். இதற்காகவே சர்வர் பக்க அளவுக்கு நெட்எஃப்எஸ் இனோடில் தனி இடம் இருக்கிறது. ஃபைலில் தாறுமாறாக எழுதிப் படித்துச் சரிபார்க்கும் எஃப்எஸ்எக்ஸ் சோதனையை, ட்ரங்கேட்டும் (ஃபைல் அளவை வெட்டுவது) எம்மேப்பும் (ஃபைலை நினைவகமாகவே கையாள்வது) கலந்து ஓடவிட்டேன், தாங்குகிறது.

ஒரே எரிச்சல், கெர்னலுக்குக் கெர்னல் ஃபங்ஷன் பெயர்களும் ஆர்கியூமென்ட்களும் மாறுகின்றன. கெர்னலுக்கு வெளியே மாட்யூல் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான். கேஷைச் சேர்க்கும்வரை ஒரே பதிப்பிலேயே இருக்கப்போகிறேன்.