பதிவேட்டில் இருந்த காற்று

அது வெறும் பயிற்சிதான். ஆலையில் வாயுக் கசிவு என்று வைத்துக்கொண்டு நடத்தியது. நெருக்கடி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவர். வால்வு, அழுத்தம், தண்ணீர்த் திரை எல்லாம் எனக்கு அத்துப்படி. சீக்கிரமே கசிவை அடைத்துவிட்டோம். கடைசியில் பார்வையாளர் ஒன்றே ஒன்று சொன்னார்: நாங்கள் ஆட்களை அனுப்பிய கூடுமிடத்தை நோக்கித்தான் காற்று திரும்பியிருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். அதை எழுதியவர் குழுவிலேயே இளையவர். காற்று மாறியதை இரண்டு முறை குறித்து, இரண்டாவதற்கு அடிக்கோடும் போட்டிருந்தார்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க போன்ல இருந்தீங்க சார்."

பல நாள் அந்தப் பதில் மனதை அரித்தது. பழைய விமான விபத்து ஒன்று நினைவுக்கு வந்தது. 1978 டிசம்பர் 28 அன்று, சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொன்னார், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. கேப்டனின் கவனமெல்லாம் சக்கரத்தில். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்துதான் 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற, விமானக் குழு சேர்ந்து செயல்படுவதற்கான பயிற்சி வளர்ந்தது. அதில் பழகுவது: சூழலைக் கவனிப்பது, வாய்விட்டுச் சொல்வது, முடிவெடுப்பது, தலைமை தாங்குவது. இவற்றைத் 'தொழில்நுட்பம் சாராத திறன்கள்' என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ உபரி போல ஒலிக்கிறது.

முதல் வேலையாகப் போனை வேறொருவரிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து என்ன ஆகலாம்? இளையவர்தான் முதலில் பேசுவார், நான் கடைசி. தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். சொல்வதைவிடக் கடினம் இது. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் பழகவில்லை. ஆண்டுக்கொரு பெரிய ஒத்திகையைவிட, மாதம் அரை மணி நேரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பழகுவதே மேல் என்பது என் அனுபவம்.

நான்காவது மாதப் பயிற்சியில் நான் கூடுமிடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நிறுத்துங்க. காற்று மாறிடுச்சு."