சோறு வடித்த நேரம்

ஒக்டோபர் 21

மறுபடியும். நேற்றுப் பொழுதுபடத் தொடங்கிய சத்தி விடியும்வரை நிற்கவில்லை. இப்போது வயிற்றோட்டம். அம்மா ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் அந்த உப்புச் சீனித் தூள், கரைத்து வைத்திருக்கிறார். ஒரு பொதிக்குச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். கோப்பையோடு குடித்தால் அப்படியே திரும்பி வருகிறது. தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறேன்.

ஒக்டோபர் 22

பொரித்த அரிசிக் கஞ்சி, அரைக் கோப்பை. தங்கியது.

ஒக்டோபர் 24

படுத்தபடி யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. வருத்தம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட அந்தக் கடைச் சோற்றுப் பார்சல்தான். வேறு எதுவும் இல்லை. அதே கடையில் எடுத்த ஆசிரியை ஒருவருக்கும் அன்றிரவு சத்தி என்று செய்தி வந்தது.

நேர்ஸ் அக்கா வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, என்ன சாப்பிட்டாய் என்றில்லை. "எத்தின மணிக்கு வடிச்ச சோறு அது?" எனக்குத் தெரியாது. கடைக்காரர் விடியமுன் உலை வைப்பார். பத்து மணிக்குள் சுடச்சுட லஞ்ச் சீற்றில் சுற்றி அடுக்கிவிடுவார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவிழ்க்கும்போது ஒன்றரை, சில நாள் இரண்டு. கையில் எடுத்தால் இளஞ்சூடு. இவ்வளவு நாளும் அந்த இளஞ்சூட்டை நல்ல சாப்பாட்டின் அடையாளமென்றே எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

அக்கா சொன்னது இது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமி இருக்கும். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு மெல்ல ஆறிக்கொண்டு கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். சத்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் சமைத்த சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக் கூடாதாம். எங்கள் வெயிலில், 32 பாகையைத் தாண்டிய நாளில், ஒரு மணித்தியாலம்தான்.

அப்படியென்றால் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை மத்தியானம் பார்சல் அவிழ்க்கிற எத்தனை பேர்? மேசன்மார், வயலுக்குப் போகிறவர்கள், பிள்ளைகள்.

ஒக்டோபர் 26

அம்மா இன்றைக்கும் சொன்னார். "உனக்கு முகாமில கெட்ட வயிறு பிள்ளை. இனி அது இப்பிடித்தான்."

2009இல், போருக்குப் பிறகு எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், எனக்கு வயிற்றோட்டம் வந்தது உண்மை. கூடாரத்துக்குக் கூடாரம் அதே கதைதான். தண்ணீர் வரிசையும் மலசலகூட வரிசையும் நினைவிருக்கின்றன. ஆனால் "இனி இப்பிடித்தான்" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. முகாமில் எங்களைக் கெடுத்தது எங்கள் வயிறு இல்லையே. தண்ணீர்.

ஒக்டோபர் 30

முன்வீட்டு மாமி அன்ரிபயோட்டிக் குளிசை ஒரு அட்டை கொண்டுவந்தார். போன முறை அவருடைய மகனுக்குக் கொடுத்ததில் மிஞ்சியதாம். அன்போடுதான் தந்தார், வாங்கி வைத்தேன். போடவில்லை. சோற்று நஞ்சுக்கு அது ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். இரத்தம் போனால், காய்ச்சல் விடாவிட்டால், தலைசுற்றி சலம் போவது நின்றால் ஆஸ்பத்திரி. அதுவரை ஜீவனியும் கஞ்சியும்.

நவம்பர் 3

மழை.

நவம்பர் 5

மழை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கிறதாம். எங்கள் கிணற்றில் தண்ணீர் கட்டுக்கு ஒரு முழம் கீழே. நிறம் மாறியிருக்கிறது. வளவு முழுக்க வெள்ளம், அயல் வீட்டு மலசலகூடக் குழி வரைக்கும். அந்த வெள்ளம் எங்கே இறங்கும்?

கொதிக்க வைக்கிறோம். குமிழி வந்தவுடன் இறக்காமல், தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். அம்மா விறகு நனைந்துவிட்டது என்கிறார். பரவாயில்லை, காஸ் செலவாகட்டும்.

நவம்பர் 6

தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கோப்பையைக் கிணற்று நீரில் கழுவினால் என்ன பயன்? இரவு இதை யோசித்துத் தூக்கம் போய்விட்டது. கழுவிய கோப்பை நன்றாகக் காய வேண்டும். மழையில் எதுதான் காய்கிறது?

நவம்பர் 9

ஒரு பால் தேத்தண்ணீர் குடித்தேன். அரை மணியில் வயிறு ஊதி இரைச்சல். பிளேன் ரீயும் சர்க்கரையும் போதும்.

நவம்பர் 11

பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டார். தண்ணீர் வடிந்ததும் இறைத்துவிட்டு மறுபடி போட வேண்டுமாம். மணம் பிடிக்கவில்லை என்று அம்மா குடத்தோடு அயல் கிணற்றுக்குப் புறப்பட்டார். சண்டை. நான் இவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் போக விடவில்லை.

நவம்பர் 14

கிளினிக். ஐந்து மணி பஸ்ஸில் போயும் இலக்கம் பின்னுக்குத்தான். மலப் பரிசோதனையில் புழு, அமீபா ஒன்றும் இல்லை.

டொக்டர் இளம் பிள்ளை. பொறுமையாகக் கேட்டார். நான் எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது. அவர் அதை முழுதாக வாசித்தார், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். பிறகு கேட்டார், "வேற ஏதும் குளிசை போடுறீங்களா?"

நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல். போன வருடம் ஓரிடத்தில் எழுதித் தந்தார்கள். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, ஒவ்வொரு காலையும் போடுகிறேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். இரைப்பை அமிலம்தான் வாய்வழியாக வரும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கிறது. அந்தக் குளிசை அமிலத்தைக் குறைக்கும். அப்போது சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் மாதிரியான கிருமிகள் குறைந்த அளவில் உள்ளே போனாலே நோயாக்கிவிடும். கடைச் சோற்றில் முன்பே ஊறியிருந்த நஞ்சுக்கு இது காரணம் இல்லை. ஆனால் ஆவணியில் ஒரு முட்டை ரொட்டிக்குப் பிறகு காய்ச்சலோடு வந்த வயிற்றோட்டம் இதனால் கூடியிருக்கலாம் என்றார். ஒரேயடியாக நிறுத்தினால் அமிலம் திமிறிக்கொண்டு வருமாம். படிப்படியாகக் குறைத்து, ஒரு மாதத்தில் வந்து காட்டச் சொன்னார்.

பாலுக்கும் விளக்கம் கிடைத்தது. வயிற்றோட்டத்தில் குடலின் உட்தோல் புண்படும்போது பால் சீனியைச் செரிக்கும் சுரப்பு குறைந்துவிடும். சில கிழமைகளில் திரும்பிவிடும். தயிர் அதற்கு முன்பே ஒத்துவரலாம். இப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அளவில், கிருமி போன பின்னும் மாதக்கணக்கில் குடல் கூச்சத்தோடு இருக்குமாம். "உங்கட குடல் பலவீனமில்ல. பயந்துபோய் நிக்குது. மெல்லமாப் பழக்குங்கோ."

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை.

நவம்பர் 15

அம்மாவிடம் சொன்னேன். முகாமைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குளிசைப் போத்தலை எடுத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18

நெஞ்செரிவு. பின்னேரச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டேன். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

நவம்பர் 22

பழஞ்சோறு வழக்கு. அம்மாவுக்கு அதுதான் வயிற்றுக்கு மருந்து. மொட்டைக்கறுப்பன் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்து, காலையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் சேர்த்துப் பிசைந்தால் அதற்கு ஈடில்லை. எனக்கும் இப்போதே வாய் ஊறுகிறது. நன்றாகப் புளித்த சோற்றில் அந்தக் கிருமிக்கு வளர்ச்சி இல்லை, அதுவும் சரி. என்னை யோசிக்க வைப்பது புளிக்குமுன் இருக்கிற முதல் மணித்தியாலங்கள். இந்த வயிறு கொஞ்சம் தேறட்டும், தை பிறக்கட்டும். அம்மாவுக்குக் கோபம்தான்.

அதுவரை எங்கள் வீட்டு ஒழுங்கு: ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வடிப்பது. மிஞ்சினால் பானையோடு மூடி வைக்காமல் அகலத் தட்டில் பரப்பி, சூடு இறங்கியவுடன் பிரிட்ஜில். பானையோடு வைத்தால் நடுச்சோறு இரவு முழுக்க இளஞ்சூடாகவே இருக்கும்.

நவம்பர் 23

இரண்டு கரண்டி தயிர். ஒன்றும் செய்யவில்லை!

நவம்பர் 27

மழையோடு மாவீரர் துயிலுமில்லம் போய் வந்தோம். அம்மா பகல் முழுக்கச் சாப்பிடவில்லை.

டிசெம்பர் 1

மத்தியானத்துக்கு இப்போது அகல வாய்ச் சுடுதண்ணீர்ப் போத்தலில் கஞ்சி. முதலில் கொதிநீர் ஊற்றிப் போத்தலைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. ஒரு மணிக்குத் திறந்தால் நாக்குச் சுடுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். சில நாள் சம்பல் இல்லாத ரொட்டியும் கதலி வாழைப்பழமும். திருவிய தேங்காயும் பச்சை வெங்காயமும் மத்தியானம் வரை தாங்காது, அதிலும் மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் அரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மீனுக்கு வேறு பலகை வாங்கிவிட்டேன்.

பார்சல் எடுக்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். அதிபரிடம் கேட்டிருக்கிறேன், கடைக்காரரிடம் பன்னிரண்டு மணிக்குச் சுற்றித் தரச் சொல்லலாமா என்று. பார்ப்போம் என்றார்.

டிசெம்பர் 4

முல்லைத்தீவிலிருந்து வருகிற மீன்காரரின் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. சூரை நல்ல விலைக்கு இருந்தும் வாங்கவில்லை. சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு ஊறிவிடும், குழம்பாகக் கொதித்தாலும் போகாது. அண்ணைக்கு ஒருமுறை முகமெல்லாம் சிவந்து தடித்தது அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

டிசெம்பர் 7

பெரியம்மா வீட்டு அந்தியேட்டிச் சடங்கு வெள்ளிக்கிழமை. போகாமல் இருக்க முடியாது, சாப்பிடாமல் எழும்பவும் முடியாது. முதல் பந்தியில் இருக்கலாம். எத்தனை மணிக்கு வடிப்பார்கள்? யாரிடம் கேட்பது?

டிசெம்பர் 8

சித்தியிடம் கேட்டேன். பதினொன்றுக்கு உலை வைப்பார்களாம், முதல் பந்தி பன்னிரண்டரை. போகிறேன்.

டிசெம்பர் 10

கரண்ட் நேற்றிலிருந்து இல்லை. பிரிட்ஜில் இருந்த கறியெல்லாம் வெளியே. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் தானே கொட்டினார். நாளை பம் கொண்டுவந்து கிணறு இறைக்கிறார்கள்.