இடது பக்கத்து பாக்கெட்

ஆகஸ்ட் 4

கடை சாத்துற நேரத்துல ஒரு அக்கா வந்தாங்க. தோவாளை சந்தையில வெடியக்காலம் பூ எடுத்து இங்க நாகர்கோவில்ல யாவாரம் பண்ணுறவங்க. ஆவணியில மக கல்யாணம், அரக்கு கலர் பட்டுக்கு பிளவுஸ் தைக்கணும். டேப்பை எடுத்ததுமே "இடது பக்க மாரை ஆபரேசன்ல எடுத்தாச்சு மக்ளே, ரெண்டு வருசம் ஆச்சு"ன்னு சொல்லிட்டு என் முகத்தையே பாத்துட்டு நின்னாங்க. இதுக்கு முன்னாடி ஒரு இடத்துல குடுத்தப்போ ஒரு வார்த்தை கேக்காமலே பேட் வச்சு தச்சுட்டாங்களாம், வெயில்ல உக்காந்து பூ விக்கிறவங்களுக்கு அது வேர்த்து அரிச்சு புண்ணாயிடுச்சு, கழட்டிப் போட்டுட்டாங்க. "இல்லாததை இருக்குன்னு காட்ட வேண்டாம், எனக்கு இருக்க உடம்புக்கு தச்சுத் தா."

பேட் வேணும்னு கேட்டவங்களுக்கும் நான் தச்சிருக்கேன், லைனிங்ல உள்பை வச்சு. அது அவங்க இஷ்டம். கேக்காம வச்சாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஆகஸ்ட் 5

ராத்திரி தூக்கமே இல்ல. இந்த மண்ணுலதான் தோள்சீலைப் போராட்டம் நடந்துச்சு. நாடார் பொம்பளைங்க மாருக்கு மேல துணி போட்டதுக்காக நடுச்சந்தையில வச்சு அதைப் பிடிச்சு கிழிச்சாங்க, அப்புறமும் அவங்க போட்டுக்கிட்டுதான் வந்தாங்க. கிறிஸ்தவ மிஷன்ல சேந்தவங்க போட்ட அந்த லூசான சட்டைக்குப் பேரு குப்பாயம், கிட்டத்தட்ட நம்ம ஊரு முதல் ஜாக்கெட்னே சொல்லுவேன். கடைசியில 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட்டாரு, மறைச்சுக்கலாம்னு. ஆனா அதுலயும் ஒரு முள்ளு, எப்படி வேணா மறைச்சுக்கோ, மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி மட்டும் போடாதேன்னு. ஒரு பொம்பளையோட நெஞ்சு வெளிய எப்படித் தெரியணும்னு முடிவு பண்ண எப்பவும் வேற யாரோ வந்து நிக்காங்க. அந்த அக்கா நேத்து என் கண்ணைப் பாத்து நின்னதுக்கு அர்த்தம் இதுதான்னு தோணிட்டே இருந்துச்சு.

ஆகஸ்ட் 8

காடாத் துணியில மாதிரி வெட்டிப் போட்டுப் பாத்தோம், சரியா வரல. வழக்கமா முன்பக்கத்தை துணிய மடிச்சு ஒண்ணா வெட்டுவோம்ல, அப்படியே வெட்டி இடது பக்கம் டாட் மட்டும், அதான் மாருக்கு மேடு வர்றதுக்காக பிடிக்கிற மடிப்புத் தையல், பிடிக்காம விட்டேன். தப்பு அதுதான். அந்தப் பக்கம் துணி தொளதொளன்னு தொங்குது, கழுத்து இடது பக்கமா சரியுது, அக்குள்ல வாயைப் பிளந்துட்டு நிக்குது. சேலைக்கு முந்தானை இடது தோள்ல போனாலும் சைடுல இருந்து பாத்தா தெரியுறது இடது பக்க பிளவுஸ்தானே, முந்தானை மறைச்சுக்கும்னு விட முடியாது.

கைய தூக்கச் சொன்னேன், இடது கை முழுசா மேல போகல. அந்தக் கை கொஞ்சம் வீங்கியும் இருக்கு, அக்குள்ல நெறிகட்டி எடுத்ததால அப்படி ஆகுமாம். ரெண்டு கைக்கும் தனித்தனியா அளவு எடுத்தேன்.

ஆகஸ்ட் 10

ஃபேஷன் டிசைன் படிக்கும்போது பாத்த ஒரு போட்டோ ஞாபகம் வந்துச்சு. ஜப்பான்காரம்மா ரெய் கவாகுபோ, கோம் தே கார்சோன் கம்பெனி, 1997 கலெக்‌ஷன். கட்டம் போட்ட துணிக்குள்ள பஞ்சு அடைச்சு தோள்ல ஒரு மேடு, முதுகுல ஒரு மேடு, இடுப்புல ஒண்ணு. அன்னைக்கு கிளாஸ்ல எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தாதான் உடம்பான்னு அந்தம்மா துணிய வச்சே கேட்டிருக்காங்கன்னு இப்பதான் மண்டையில ஏறுது.

இன்னைக்கு ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி பேப்பர் கட்டிங் போட்டேன். வலது கிராஸ் கட், அதாவது துணிய சாய்வா வெட்டி, டாட் பிடிச்சு, நீளம் பதினாலரை இஞ்ச். இடது நேர்த்துணி, டாட் கிடையாது, நீளம் பதிமூணு. இடது கை ஒரு இஞ்ச் லூசு. ஊக்கு முன்னாடி. அந்தப் பக்க லைனிங்க்கு பழகின மல்மல், பிசிறு தழும்புல படாத மாதிரி உள்தையலை வெளிப்பக்கம் திருப்பி வச்சாச்சு.

ஆகஸ்ட் 14

இன்னைக்கு கச்சிதமா உக்காந்துச்சு! இடது பக்கம் சமமா, சுருக்கமில்லாம, அப்படியே. அக்கா கண்ணாடி முன்னாடி சைடா திரும்பி ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க, "நாப்பது வருசமா பர்ஸை இடது பக்கம்தான் சொருகுவேன். இப்ப வச்சா நிக்காது மக்ளே, குனிஞ்சா கீழ விழுது. அங்கதான் இடம் கிடக்கே, ஒரு பாக்கெட் வச்சுத் தா."

எனக்கு இது தோணவே இல்ல. பத்து நாளா அந்த இடத்தை எப்படி ஒழுங்குபடுத்தலாம்னுதான் யோசிச்சேன், அவங்க அதை எப்படி உபயோகப்படுத்தலாம்னு யோசிச்சிருக்காங்க. இதுதான் டிசைன்.

பட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவுல வச்சேன், வாய் சாய்வா, வலது கை சுலபமா போற மாதிரி. உள்ள மறைச்சிரலாமான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டாங்க, வாய்க்கு மஞ்சள்ல பைப்பிங் வேணுமாம், கேந்திப்பூ மஞ்சள்.

ஆகஸ்ட் 22

வாங்கிட்டுப் போயாச்சு. கடையிலயே போட்டு, பர்ஸை உள்ள வச்சு, என்னோட துணிமூட்டைய பூக்கூடை மாதிரி குனிஞ்சு தூக்கிப் பாத்தாங்க, ரெண்டு தடவை. விழல. அடுத்த வாரம் சந்தைக்குப் போட காட்டன்ல ரெண்டு வெட்டணும், பாக்கெட் இன்னும் அரை இஞ்ச் ஆழமா வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.