விறாந்தை எங்கே போனது?

அரச கட்டடத்தின் வரைபடம் ஒன்று கைக்கு வந்தால், முகப்பைப் பிறகுதான் பார்ப்பேன். வேலையாக வரும் சனம் எங்கே நிற்கப்போகிறது என்பதே எனக்கு முதல் கேள்வி. படவரைஞராகத் தொடங்கி, தொழில்நுட்ப உத்தியோகத்தராக மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலைந்ததில் வந்த பழக்கம்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. ஆட்களை வெளியே நிறுத்துவதற்கென்றே எழுந்த சுவர். பிற்காலத்தில் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் நெடுங்காலம் அதற்குள்தான் நடந்தது. காணி, ஓய்வூதியம் என்று சனம் அந்த வாசலால் போய்வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துப் பொதுவேலைப் பகுதி கட்டிய கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், வேறு மாதிரி. உயர்ந்த கூரை, ஓடு, அகலமான விறாந்தை. துரைக்கு வெயில் படக்கூடாது என்பதற்காகத்தான் விறாந்தை வைத்திருப்பார்கள். ஆனாலும் அதில் குந்தியிருந்தது எங்கள் ஆட்கள். சுதந்திரம் வந்ததும் அரசுக்குத் தன் முகத்தைக் காட்டும் ஆசை வந்தது. கொழும்புச் சுதந்திர மண்டபம் கண்டி அரசரின் சபை மண்டபமான மகுல் மடுவவைப் பார்த்து வரையப்பட்டது. வரைந்தவர் வின்-ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரர் என்பது இன்னொரு வேடிக்கை. எங்கள் பக்கம் 1949இல், நீர்ப்பாசனமும் குடியேற்றமும் செய்ய, கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. அம்பாறை நகரமே அந்தத் திட்டத்தோடு வளர்ந்து, 1961இல் தனி மாவட்டமானது.

நான் வேலைக்கு வந்தபோது எல்லாம் டைப் பிளான். குளிர் பிடித்த நுவரெலியாவுக்கும் கடலோர அக்கரைப்பற்றுக்கும் ஒரே படம். இதைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். நான் முழுதாகத் திட்டமாட்டேன். அரைச்சுவர் வைத்த அந்த நீண்ட பள்ளிக்கூட மண்டபத்தில் காற்று குறுக்கே ஓடும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் பிள்ளைகள் இருந்து படிக்கலாம். கோளாறு படத்தில் இல்லை, அதைக் காணியில் திருப்பி வைத்த விதத்தில். முகப்பு வீதியைப் பார்க்க வேண்டும் என்பார்கள், திறப்புவிழாப் போட்டோவுக்கு நல்லதாம். அப்புறம் மேற்கு வெயில் நேரே வகுப்புக்குள் விழும்.

1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மேசன்மார் கூரை விஷயத்தில் படத்தை நம்பமாட்டார்கள். கைமரத்தை வெறும் ஆணியில் விடாமல் இரும்புப் பட்டியால் இறுக்கச் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகோ சட்டமே படம் வரைந்தது. வடக்கு, கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். இடையில் நாங்கள் ஒரே கட்டடத்துக்கு இடத்தை மாற்றி மாற்றிப் படம் கீறினோம். 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளை மட்டும் மனதார வரவேற்றேன். அவை இல்லாவிட்டால் சக்கரநாற்காலிக்கான சாய்தளத்தை ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

இப்போது கண்ணாடி, அலுமினியத் தகடு, ஏசி. மதிப்பீடு கூடினால் முதலில் வெட்டுவது விறாந்தையை. சதுர அடிக் கணக்கில் அதுவும் ஏறும், ஆனால் மேசை போட முடியாத இடமாம். ஒரு கந்தோரில் நான் எவ்வளவோ சொல்லியும் வெட்டினார்கள். கையளித்துக் கொஞ்ச நாளில் அங்கிருந்தே கடிதம் வந்தது: பொதுமக்கள் வெயிலில் நிற்கிறார்கள், முன்னால் தகரக் கொட்டகை போட மதிப்பீடு தரவும். சரி என்று போட்டுக் கொடுத்தேன்.