எச்சில் கொடுக்க இரண்டு நாள் அலைந்தோம்

அம்மாவுக்குப் பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம் வரும். பதினைந்து வருடமாகச் சுகரும் இருக்கிறது. ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டியபோது, "எச்சில் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம், நாளைக்குக் காலையில வாங்க" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அம்மா வழக்கம்போலப் பல் தேய்த்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு பஸ் மாறிப் போய், ஓபி சீட்டு வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால், சோதனைக் குழாயில் விழுந்த எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தது. "ரத்தம் கலந்திருக்கும்மா, இது ஆகாது. பல் தேய்ச்சுட்டா வந்தீங்க? காபி வேற குடிச்சீங்களா?" இதை முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! முட்டி வலியோடு வந்தவரைத் திருப்பி அழைத்துப் போனேன். நீங்கள் போவதாக இருந்தால் எதைச் சாப்பிடக் கூடாது, பல் தேய்க்கலாமா, எத்தனை மணி வரை எச்சில் வாங்குவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை வேறு சிக்கல். சுகரால் அம்மாவுக்கு நாக்கு எப்போதும் வறண்டே இருக்கும். "காறித் துப்பாதீங்கம்மா, குனிஞ்சு வாயைத் திறந்து வைங்க, தானா வழியும்" என்றார் அங்கிருந்த பெண். கீழுதட்டில் ஒரு சொட்டு திரண்டு, நூலாக நீண்டு, குழாயில் இறங்கும். அப்புறம் அடுத்த சொட்டு. நுரையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். கோடு வரை நிறைய இருபது நிமிடம் ஆனது. அம்மா என் கையை விடவே இல்லை.

எம்எம்பி-8 என்ற நொதி கூடுதலாக இருப்பதாக ரிசல்ட் வந்தது. ஈறு அழற்சியில் இது பெருகி, பல்லைப் பிடித்திருக்கும் திசுவை அரிக்குமாம். சரி, நோய் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் எச்சில் வாய் முழுக்கச் சேர்த்துத்தான் சொல்லும், எந்தப் பல் என்று சொல்லாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கின் ஆழத்தை டாக்டர் அளவுக்கம்பியால் ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம். கீழ்க் கடைவாயில் 6 இருந்தது. எச்சிலை மட்டும் பார்த்து மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் எழுந்து வராதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டும் கேட்பார்கள், கையோடு கொண்டு போங்கள்.

ஈறுக்கு அடியில் வேர் வரை கிளீனிங் முடிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அளவு எழுதிய தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.