எந்த க்ரிஃபித், எந்த ஜோன்ஸ்?

வேல்ஸ் நாட்டு வரலாற்றில் க்ரிஃபித் அப் லிவெலின், அதாவது லிவெலின் மகன் க்ரிஃபித், என்ற பெயரில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். முதலாமவர் வேல்ஸ் முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்த அரசர், 11ஆம் நூற்றாண்டு. அவரைக் கொன்றது சொந்த நாட்டார்தான். இரண்டாமவர் லண்டன் கோபுரத்தில் சிறை இருந்தவர். 1244 மார்ச் 1 அன்று படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி ஜன்னல் வழியாக இறங்கினார். ஆள் நல்ல கனம். கயிறு அறுந்து விழுந்து செத்தார்.

இவர்களைப் பிரிக்க ஒரே வழி பாட்டனார் பெயர். அரசர், க்ரிஃபித் அப் லிவெலின் அப் செய்சில். கயிற்றில் இறங்கியவர், க்ரிஃபித் அப் லிவெலின் அப் யோர்வெர்த். வேல்ஸ் ஆட்களைத் தேடும்போது மூன்று தலைமுறை கையில் இல்லாமல் தேடாதீர்கள். அப்பா பெயரோடு நிறுத்தினால் ஆள் மாறிவிடும். பெண்களுக்கும் இதே கதி. கிட்வெல்லி கோட்டைப் பக்கம் 1136இல் நார்மானியரோடு போரிட்டு மாண்ட க்வென்லியன், க்ரிஃபித்தின் மகள். 1282இல் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, செம்ப்ரிங்ஹாம் மடத்தில் 1337 வரை அடைபட்டுக் கிடந்த க்வென்லியன், லிவெலினின் மகள். ‘இளவரசி க்வென்லியன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆண்டைப் பாருங்கள். பெண்ணுக்கு ‘அப்’ வராது, மகள் என்று பொருள்படும் ‘வெர்க்’ வரும். கல்யாணம் ஆனாலும் அப்பா பெயர் போகாது.

‘அப்’ என்றால் மகன். அதற்கு இரண்டு ஓசை உண்டு. அப்பா பெயர் மெய்யில் தொடங்கினால் ‘கப்பல்’ என்பதில் வரும் ப. உயிரில் தொடங்கினால் ‘கம்பம்’ என்பதில் வரும் ப. யோர்வெர்த் அங்கே உயிர்க் கணக்கில் சேரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இது கண்ணில் படுவதில்லை. ஆனால் பிற்காலக் குடும்பப் பெயர்கள் எல்லாம் இந்த ப ஒட்டிக்கொண்டு பிறந்தவைதான். ரீஸ் மகன் ப்ரைஸ், ஹவெல் மகன் பவல், ரிச்சர்ட் மகன் ப்ரிட்சர்ட்: கப்பல் ப. ஓவைன் மகன் போவன், எவன் மகன் பெவன்: கம்பம் ப. வேல்ஸ்காரரின் குடும்பப் பெயர் ப-வில் தொடங்கினால் அந்த ப-வை எடுத்துவிட்டுப் பாருங்கள். பல நேரம் உள்ளே ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. க்ரிஃபித்தின் கடைசி ஓசை, ‘அது’ என்று சொல்லும்போது வருகிற அதே மெல்லிய த. லிவெலினின் முதல் ஓசைதான் வம்பு. ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். வேல்ஸ் அகரவரிசையில் அது தனி எழுத்து. வேல்ஸ் மொழி அகராதிகளில் அந்த எழுத்துச் சொற்கள், ல வரிசை முழுவதும் முடிந்த பிறகுதான் வரும். கிடைக்கவில்லை என்று பாதியில் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

இந்தத் தந்தைவழிப் பெயர் ஆங்கிலேயர் கையில் சிக்கியபோது நடந்த பெரிய கோளாறுதான் இங்கிலாந்தை ஆண்ட டியுடர் வம்சத்தின் பெயர். ஐந்தாம் ஹென்றியின் விதவையை மணந்த வேல்ஸ்காரர், ஓவைன் அப் மரெதித் அப் டிடிர். குடும்பப் பெயர் ஆக்குவதென்றால் அப்பா பெயரான மரெதித் வந்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டது தாத்தா பெயர். இல்லாவிட்டால் எட்டாம் ஹென்றியும் முதலாம் எலிசபெத்தும் மரெதித் வம்சத்தார் ஆகியிருப்பார்கள்.

அந்த ஓவைனின் பேரன் ஏழாம் ஹென்றி, பெம்ப்ரோக் கோட்டையில் 1457 ஜனவரி 28 அன்று பிறந்தார். பழைய ஏடுகளில் அதே நாள் 1456 என்று இருக்கலாம். இரண்டும் சரிதான். அங்கே 1752க்கு முன்பு சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள எந்தத் தேதியையும் இரண்டு ஆண்டாகப் படித்துப் பழக வேண்டும். மகன் பிறந்து அடுத்த மாதம் அப்பாவுக்குக் கல்யாணம் என்பது போன்ற அபத்தம் வந்தால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பிறகு குடும்பத்தைச் சந்தேகப்படலாம்.

1536, 1543 ஆண்டுகளின் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலமானது. வசதியுள்ளவர்கள் நிலையான குடும்பப் பெயருக்கு மாறினார்கள். எளிய மக்களிடம் பழைய முறை 18ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் ஓடியது. ஆங்கிள்சி தீவில் 1675இல் பிறந்த வில்லியமின் அப்பா ஷான் ஷோர். ஷான் என்பது ஆங்கிலத்தில் ஜான். ஜானின் மகன் ஜோன்ஸ். வேல்ஸின் பழைய நெடுங்கணக்கில் ஜ என்ற எழுத்தே கிடையாது என்பதுதான் வேடிக்கை. இந்த வில்லியம் ஜோன்ஸ் கப்பல்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ‘பை’ என்ற குறியை 1706இல் அச்சில் கொண்டுவந்தவர். அவர் மகன் பெயரும் வில்லியம் ஜோன்ஸ். 1783இல் கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்து, அடுத்த ஆண்டு ஆசியக் கழகத்தைத் தொடங்கியவர். இருவருமே ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். கணிதம் என்றால் அப்பா, சமஸ்கிருதம் என்றால் பிள்ளை.

ஜோன்ஸ்களும் எவன்ஸ்களும் பெருகியபோது கவிஞர்கள் புனைபெயருக்குப் போனார்கள். ஹேத் வின் என்று தேடினால் கவிதை கிடைக்கும். ராணுவப் பதிவு கிடைக்காது. அதற்கு எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் என்று தேட வேண்டும். ட்ராவ்ஸ்வினித் ஊர் விவசாயி மகன். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 6 அன்று பிர்க்கன்ஹெட் கவிதை விழாவில் வென்றவரின் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. கூப்பிட்ட பெயரோ மூன்றாவது ஒன்று: ‘ஃப்ளூர் தெ லீ’. யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியாமலிருக்கப் போட்டிக்கென்று தனிப் பெயர் வைப்பது அங்கே விதி. அவருக்குப் பரிசாகச் சேர வேண்டிய நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள்.

கடைசியாக யோலோ மோர்கனூக், 1747 முதல் 1826 வரை வாழ்ந்தவர். சொந்தப் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ், தொழில் கல்தச்சு. பழைய சுவடிகளை அவரளவு அறிந்தவர்கள் அன்று அரிது. சுவடி இல்லாத இடத்தில் தானே எழுதிச் சேர்த்துவிடுவார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் டாவித் அப் க்விலிமின் பாடல்கள் 1789இல் அச்சானபோது, பிற்சேர்க்கையில் யோலோவின் சரக்கும் ஏறிவிட்டது. அத்தனை நன்றாக எழுதியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜி. ஜே. வில்லியம்ஸ் அதைப் பிரித்துக் காட்டி நூல் எழுதியது 1926இல். ஆகவே இடைக்கால வேல்ஸ் கவிஞரின் வாழ்க்கையைப் பழைய 19ஆம் நூற்றாண்டுப் புத்தகத்திலிருந்து எடுப்பதானால், அந்தச் செய்தி யோலோவின் தாள்களிலிருந்து வந்ததா என்று ஒரு முறை பார்த்துவிட்டு எடுங்கள். சுவையான செய்தியாக இருந்தால் இரண்டு முறை.