கச்சான் அடித்தால் வடகடல் பக்கம்

பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்று சொன்னதும் எனக்கு வந்த யோசனைகளில் பாதி கலரைப் பற்றியவை. லோகோ நீலத்தில் இருக்கட்டும், தம்ப்நெயிலில் முகம் பெரிதாகத் தெரியட்டும், தொடக்கத்தில் அலைச் சத்தம் போடு, எல்லா எபிசோடிலும் சொல்ல ஒரு வரி வைத்துக்கொள். இதற்கெல்லாம் சேர்த்து பெர்சனல் பிராண்ட் என்று பெயர். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பகலில் எந்தப் படகுக்கு எவ்வளவு ஐஸ், யாரிடம் பாக்கி என்று எழுதிவிட்டு, ராத்திரியிலும் லீவு நாளிலும் கடல் தொழில் பார்ப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்து போடுகிறேன். இந்தக் கரையில் அந்த யோசனைகளில் எது செல்லுபடியானது என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

லோகோவை யாரும் பார்க்கவில்லை. என் நிகழ்ச்சி பெரும்பாலானவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆடியோவாகத்தான் போய்ச் சேருகிறது. அங்கே நீலம் ஏது, பச்சை ஏது? பெயர் மட்டும் முக்கியம். அதிலும் ‘ழ’ வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இசட் ஹெச்’ போடுவார். நம் சேனலுக்குப் பதில் யாரோ ஒருவருடைய சமையல் வந்து நிற்கும். ஊர்ப்பெயரைச் சேர்த்து வைத்தால் போனிடம் வாயால் கேட்டுத் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கும்.

குரல் விஷயத்தை அப்படி ஒதுக்க முடியாது. முகம் தெரியாத ஆளை ஜனங்கள் அடையாளம் வைத்துக்கொள்வது குரலில்தான். இங்கே அதற்கு எதிரி காற்று. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடா, அதாவது எங்கள் பேச்சில் தென்கடல், கொந்தளிக்கும். பாக் விரிகுடாவான வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி வாக்கில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். படகுகளையே அதற்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கட்டுகிறார்கள். நானும் மைக்கை அப்படித்தான் கொண்டுபோகிறேன்: கச்சான் அடித்தால் வடகடல் பக்கம், வாடை அடித்தால் தென்கடல் பக்கம். இதை எந்த வழிகாட்டி வீடியோவிலும் சொல்லமாட்டார்கள்.

மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை கடற்கரைக்கு ஆகாது. ரோமம் வைத்த உறை வேண்டும். எடிட்டிங்கில் லோ-கட் போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் குறையும். ஆனால் காற்று நேராக மோதிச் சிதைத்த வார்த்தையை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. காலர் மைக் வாங்கச் சொன்னார்கள். கரையில் பாதிப் பேர் சட்டையே போட்டிருப்பதில்லை. துண்டில் மாட்டினால், பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார்கள். ஹெட்போனில் இடி விழும். கடைசியில் எனக்கு அமைந்த ஸ்டூடியோ வலைக் கொட்டகைதான். சுற்றிலும் நைலான் வலை குவிந்து கிடந்தால் எதிரொலி அமுங்கிவிடும். பேசுகிறவர் கை சும்மா இருக்காது, கிழிந்த வலையைக் கோர்த்துக்கொண்டே பேசுவார். வலையில் கை இருந்தால் ஆளுக்கு மைக் மறந்துவிடுகிறது.

வாரம் தவறாமல் போடு என்ற அறிவுரை சரிதான், கிழமையைத்தான் நம் ஊரைப் பார்த்து வைக்க வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் சில நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று முறை இருக்கிறது. கொஞ்ச தூரம் உள்ளே போனால் சிக்னல் போய்விடும் என்பதால் கிளம்புமுன் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அரை மணி நேர நிகழ்ச்சியை 64 கேபிபிஎஸ் மோனோவில் ஏற்றுகிறேன். 14 எம்பிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கீழக்கரை, தொண்டி ஆட்கள் வளைகுடா நாடுகளில் நிறையப் பேர், அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் தோது. ஆக வியாழன் ராத்திரி என்று ஆகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஆள் எல்லாம் கரையில் இருப்பார்கள், வருமானம் இருக்காது, பேசுவதற்கு மட்டும் நிறைய இருக்கும். அப்போது சேர்த்து வைக்கும் பதிவுகள்தான் பிறகு கைகொடுக்கின்றன.

லைவ் போட்டால் கூட்டம் சேரும் என்று நண்பன் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்ததை ஒட்டி ஊரே லைவ் போட்டது. நடுவிலுள்ள தூக்குப் பாலம் ஏறுவது, இறங்குவது, ரயில் வருவது என்று எல்லாப் போனிலும் ஒரே காட்சி. யார் எடுத்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதே சமயத்தில் நான் போட்டது, பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவின் பேச்சு. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளுவதைப் பற்றிச் சொன்னார். துணி சுற்றும் விதத்தை மட்டும் ஐந்து நிமிடம் விளக்கினார். நான் வெட்டவில்லை. இன்றும் ஐஸ் கம்பெனிக்கு வருகிறவர்கள், ‘அந்த விரல்ல துணி சுத்துறத போட்டது நீதானே?’ என்றுதான் கேட்கிறார்கள். சேனல் பெயர் யாருக்கும் வாயில் வருவதில்லை.

இந்தக் கரைக்கு மைக் புதிது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4இல் மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. ஆகவே புதிதாக மைக்கோடு வருகிறவனைக் கண்டு யாரும் மயங்குவதில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை, எதைக் கேட்பாய், எதை வெளியே விடுவாய் என்றுதான் பார்க்கிறார்கள். வயதான நாட்டுப்படகுக்காரர் ஒருவர் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, காத்தக் கேளு, மழையக் கேளு, மீனு எம்புட்டுக்குப் போச்சுன்னு கேளு. எந்தப் பாருல வல போட்டேன்னு மட்டும் கேக்காத.” பார் என்றால் கடலடியில் மீன் சேரும் பாறைத்திட்டு. அது இருக்கும் இடம் அவருக்கு அப்பா கொடுத்த சொத்து, இப்போது ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறார். பேச்சுவாக்கில் அவரே ஓர் அடையாளத்தைச் சொல்லிவிட்டார். வெளியிடும் முன் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினார், வெட்டினேன். அதிலிருந்து எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். பத்திரிகையில் இப்படிச் செய்யக்கூடாது என்பார்கள். செய்திக்கு அது சரி. நான் செய்தி போடுகிறவன் இல்லை.

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப்போகும் நாட்களில்தான் இது உண்மையாகவே சோதிக்கும். போன் விடாமல் அடிக்கும், படம் வந்து குவியும். படகு நம்பரோடு சிவப்பு எழுத்தில் தம்ப்நெயில் போட்டால் அன்றைக்கு மட்டும் ஒரு மாத வியூஸ் வரும். ஒரு சேனல் அப்படிப் போட்டதைப் பார்த்துத்தான் தன் வீட்டுக்காரர் பிடிபட்டதே தெரிந்தது என்று ஓர் அக்கா சொன்னார். அந்த நாட்களில் நான் எதுவும் போடுவதில்லை. பெரிய தியாகம் எதுவும் இல்லை. அவர்கள் படகு எங்கள் பேரேட்டில் இருக்கிறது; படகு அங்கேயே நிற்க, இங்கே பேரேட்டின் அந்தப் பக்கத்தில் ஐஸ் பாக்கி அப்படியே கிடக்கிறது. நாளைக் காலையில் அதே வீட்டு ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டியவன் நான். மாதங்கள் கழித்து யாழ்ப்பாணம் சிறையிலிருந்து திரும்பிய கணவரை அந்த அக்காவே கொட்டகைக்குக் கூட்டிவந்தார். “இவன்கிட்ட சொல்லுங்க, வெட்டச் சொன்னா வெட்டிருவான்” என்றார். எனக்குக் கிடைத்த அறிமுக வரி அதுதான்.

பணம் என்று பெரிதாக வரவில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழி வேறு கணக்கு. ஆடியோவாகக் கைமாறுவது எதுவும் அதில் சேராது. கருவாட்டு வியாபாரி ஒருவர் விளம்பரம் தருகிறேன் என்றார், ஆனால் விளம்பரம் என்று தெரியாத மாதிரி பேச வேண்டுமாம். காசு வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023இலேயே ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை வழிகாட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், இன்னும் யோசிக்கிறார்.

அடுத்த தடைக்காலத்தில் மூக்கையூர்ப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே எனக்கு ஆள் பழக்கம் கிடையாது, ஐஸ் கணக்கும் கிடையாது. முதல் இரண்டு மூன்று தடவை மைக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாகத் திட்டம்.